அமெரிக்க ஃபுட்பால் ரசிகருக்கு ரக்பி லீக்கை அறிமுகப்படுத்துவது எப்படி

அமெரிக்கரிடம் ரக்பி என்றதும் அவர் மனதில் வருவது பெரும்பாலும் ரக்பி யூனியன்தான். பதினைந்து பேர், பந்தின் மேல் குவியும் உடல்கள், ஒருவரைத் தூக்கிப் பிடித்துப் பந்தை வாங்கும் லைன்-அவுட், எதற்கென்றே விளங்காத விசில். இந்த எண்ணத்தோடு அவரை ரக்பி லீக் ஆட்டத்தின் முன் உட்காரவைத்தால் முதல் கால் மணி நேரம் வீணாகிவிடும். குவியல் எங்கே, தூக்கிப் பிடிப்பது எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பார். அதனால் விதிகளுக்குள் போவதற்கு முன் இரண்டு ஆட்டங்களையும் பிரித்துக் காட்டிவிடுங்கள். இதற்கு இரண்டு வாக்கியம் போதும்: லீக்கில் அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்தினால் அவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவார், இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இதைக் கேட்டதுமே ஃபுட்பால் ரசிகர் தலையாட்டுவார். டவுன் (ஒவ்வொரு தாக்குதல் முயற்சிக்கும் அங்கே உள்ள பெயர்) கணக்கு அவருக்கு மனப்பாடம். உங்கள் அறிமுகம் முழுவதும் நிற்க வேண்டிய அஸ்திவாரம் இதுதான்.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

வரலாறு பேசப் பிடிக்கும் கூட்டம் என்றால் இந்தப் பகுதியைச் சொல்லலாம். இல்லையென்றால் தாண்டிவிடலாம்.

பழைய ரக்பியில் பிடிபட்டவனை என்ன செய்வது என்பது தீராத தலைவலி. எல்லாரும் மேலே விழுந்து தள்ளுவார்கள், பந்து எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் 1880ல் வால்டர் கேம்ப் இதற்கு ஒரு வழி கண்டார்: பந்து ஒரு அணியிடமே இருக்கட்டும், ஒருவர் அதைப் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கட்டும். அதிலிருந்து வேறொரு தொல்லை முளைத்தது. 1881ல் யேல், பிரின்ஸ்டன் கல்லூரி அணிகள் மோதியபோது, ஆளுக்கொரு பாதி ஆட்டம் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டிவிட்டார்கள். ஒரு புள்ளியும் விழவில்லை. 1882ல் வந்தது டவுன் விதி: மூன்று முயற்சியில் 5 யார்டு.

இங்கிலாந்தின் வடக்கில் இதே கதை தாமதமாக நடந்தது. வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஆட்டக்காரர்களுக்கு ஈடுகட்டலாமா என்ற சண்டையில், 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்து போயின. லீக் பிறந்தது அப்படித்தான். 1906ல் ஆட்டக்காரர் எண்ணிக்கையை 13 ஆக்கி, பிடிபட்டவர் எழுந்து பந்தை ஆடவிடும் ப்ளே-த-பால் முறையைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்க ஃபுட்பாலில் முன்னோக்கி எறிவது சட்டபூர்வமானது. லீக்கிலும் பிடிபடுவதற்கு வரம்பு இல்லாததால் ஒரே அணி பந்தை வைத்துக்கொண்டே இருந்தது. 1966ல் நான்கு டேக்கிள் என்று வரம்பு வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அது ஆறானது.

நோயும் ஒன்று, மருந்தும் கிட்டத்தட்ட ஒன்று. "இது வெளிநாட்டு விநோத ஆட்டம்" என்று ஆரம்பிப்பதைவிட "உங்கள் ஆட்டத்தின் பங்காளி" என்று ஆரம்பித்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம்

சொல்ல வேண்டியவை ஐந்து. வரிசையும் முக்கியம்.

1. ஆறு டேக்கிள். ஃபர்ஸ்ட் டவுன் என்ற ஒன்றே கிடையாது. 90 மீட்டர் ஓடினாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது.
2. கையால் எறிவது பக்கவாட்டிலோ பின்னாலோதான். காலால் எப்போது வேண்டுமானாலும் முன்னே உதைக்கலாம்.
3. பந்து வைத்திருப்பவருக்காக வேறு யாரும் எதிரணி ஆளைத் தடுக்கக் கூடாது. ப்ளாக்கிங் குற்றம்.
4. பிடிபட்டவர் பந்தை உருட்டும்போது அவருக்கு நேரே அதிகபட்சம் இரண்டு தடுப்பாளர் நிற்கலாம். இவர்கள் பெயர் மார்க்கர். மற்றவர்கள் 10 மீட்டர் பின்வாங்க வேண்டும்.
5. ட்ரை என்றால் பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்த வேண்டும். ட்ரைக்கு 4 புள்ளி, ட்ரைக்குப் பின் கம்பத்தை நோக்கி உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, பெனால்டி உதைக்கு 2, ஓட்டத்தின் நடுவே தரையில் தட்டி உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 1.

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்க்ரம், 40/20 உதை, ஆறு டேக்கிளும் புதிதாகத் தொடங்கும் "சிக்ஸ் அகெய்ன்", கோல்டன் பாயின்ட் எல்லாம் திரையில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். விதி முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பதுதான் இப்படிப்பட்ட அறிமுகங்கள் சொதப்புவதற்கு முதல் காரணம். கேட்பவர் பாதியில் கைப்பேசியை எடுத்துவிட்டால் அவரைத் திரும்ப இழுப்பது கஷ்டம்.

ஐந்தில் முதலாவதை இரண்டு முறை சொல்லுங்கள். ஃபர்ஸ்ட் டவுன் இல்லை என்பது மண்டையில் ஏறாவிட்டால் ஆட்டம் முழுக்க ஒரே கேள்விதான் வரும்: "எட்டு மீட்டர்தானே போனான், எதற்குக் கைதட்டுகிறார்கள்?"

ஒரு செட்டை நிறுத்தி நிறுத்திக் காட்டுவது

ஆறு டேக்கிள் கொண்ட ஒரு முறைக்கு செட் என்று பெயர். நேரலைக்கு முன், பதிவான ஆட்டம் ஒன்றிலிருந்து சாதாரணமான ஒரு செட்டைத் தேர்ந்தெடுங்கள். ட்ரை விழுந்த செட் வேண்டாம். தொடக்க உதையிலிருந்து ஆரம்பித்து உதையில் முடிவதாக இருந்தால் நல்லது. அதை டேக்கிளுக்கு டேக்கிள் நிறுத்துங்கள்.

தன் கோட்டுக்கு 5 மீட்டர் முன்னால் விங்கர் பந்தைப் பிடித்து ஓடிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் கோட்டருகே மூன்று பேர் அவரைப் பிடித்துச் சாய்க்கிறார்கள். அது ஒன்று. இங்கே நிறுத்துங்கள். தடுப்பாளர்கள் எவ்வளவு மெதுவாக அவர் மேலிருந்து எழுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தின் உண்மையான சண்டை இந்தச் சில நொடிகளில்தான் நடக்கிறது. பிடிபட்டவர் சட்டென்று எழுந்து உருட்டிவிட்டால் எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி முடிப்பதற்குள் அடுத்த ஆள் ஓடிவந்துவிடுவார். ஒரு நொடி தாமதப்படுத்தினால் தடுப்பு வரிசை நேராக நின்றுவிடும். அதனால்தான் தடுப்பவர்கள் கையை எடுக்கத் தயங்குவதும், நடுவர் "விடு, விடு" என்று கத்துவதும். அளவு மீறித் தாமதப்படுத்தினால் ஆஸ்திரேலியாவின் முதன்மைத் தொடரான என்.ஆர்.எல்.லில் 2020 முதல் சிக்ஸ் அகெய்ன் உண்டு. மணி அடிக்கும், ஆட்டம் நிற்காது, டேக்கிள் கணக்கு மட்டும் திரும்பத் தொடங்கும்.

இரண்டாவது, மூன்றாவது ஓட்டங்களில் சென்டரோ, ப்ராப் எனப்படும் முன்வரிசை ஆளோ முட்டிக்கொண்டு ஆளுக்கு எட்டு, பத்து மீட்டர் எடுப்பார்கள். அமெரிக்க ரசிகருக்கு இது நடுவில் ஓடும் ரன்னிங் பேக் ஆட்டம் மாதிரி சலிப்பாகத் தோன்றலாம். அப்போது தடுப்பு வரிசையின் அகலத்தைக் காட்டுங்கள்: நடுவில் முட்டினால் தடுப்பாளர்கள் நடுவே குவிவார்கள், ஓரம் இளகும். நான்காவது ஓட்டம் வேண்டுமென்றே ஒரு பக்கக் கோட்டை நோக்கிச் சாயும், மறுபக்கம் முழுக்கக் காலியிடம் கிடைக்கட்டும் என்று. ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் வர்ணனையாளர் "லாஸ்ட்" என்பார். எண் 7 அணிந்த ஹாஃப்பேக் பத்து மீட்டர் பின்னால் நின்று பந்தை வாங்கி உயரமாக உதைப்பார். உடனே நிறுத்தி, பந்தைப் பார்க்காமல் துரத்தும் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கைந்து பேர் ஒரே கோடாக ஓடுவார்கள். எதிரணி ஃபுல்பேக்கை அவருடைய சொந்தக் கோட்டுக்கு 10 மீட்டரில் மடக்கிவிட்டால், ஒரு புள்ளியும் எடுக்காத அந்த செட் வெற்றிதான்.

பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் விட்டுவிடும் பன்ட் உதையின் அருமை தெரிந்த ரசிகர் இதைப் பட்டென்று பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு செட்டிலும் எதிரணியைவிடப் பத்து மீட்டர் கூடுதலாக எடுக்கும் அணி, நாலைந்து செட்டில் எதிரியின் வாசலில் ஆடிக்கொண்டிருக்கும்.

கட்டாயம் வரும் கேள்விகள், தடுமாறும் இடங்கள்

கோட்டைத் தாண்டியவர் ஏன் இன்னும் ஓடுகிறார்? அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மைத் தொடரான என்.எஃப்.எல்.லில் பந்து கோட்டின் விளிம்பைத் தொட்டாலே டச் டவுன். இங்கே தரையில் வைத்தால்தான் கணக்கு. மேலும், கன்வர்ஷன் உதை ட்ரை வைத்த இடத்துக்கு நேர்கோட்டில்தான் எடுக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் ஓரத்திலிருந்தே உதைக்க வேண்டும். அதனால்தான் தடுப்பார் யாரும் இல்லாதபோது கோல் கம்பத்தின் பக்கம் வளைந்து ஓடுவார்கள். கோட்டுக்கு அப்பால் சென்று, கொண்டாட்டமாகக் கையை உயர்த்தி, பந்தைத் தரையில் வைக்கும் முன் நழுவவிட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட காட்சி ஒன்று கைவசம் இருந்தால், இந்த விதியை விளக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அந்த பாஸ் முன்னால்தானே போனது? முழு வேகத்தில் ஓடுபவர் கையிலிருந்து பின்னோக்கி விட்டாலும், ஓட்டத்தின் வேகம் பந்தையும் இழுத்துக்கொண்டு போகும். மைதானக் கோட்டை வைத்துப் பார்த்தால் முன்னே போன மாதிரிதான் தெரியும். கை எந்தத் திசையில் விட்டது என்பதே நடுவரின் அளவுகோல். இதில் ஆஸ்திரேலியாவிலும் வாரா வாரம் சண்டை நடக்கிறது, நீங்கள் தீர்த்துவைக்க முயல வேண்டாம்.

பந்து கீழே விழுந்தால்? ஃபம்பிள் (பந்து கை நழுவியது) என்று துள்ளி எழுவார்கள். கையிலிருந்து முன்னே விழுந்தால் அது நாக்-ஆன்: பந்து எதிரணிக்கு, பெரும்பாலும் ஸ்க்ரம் வழியாக. பின்னே விழுந்தால் ஆட்டம் தொடரும், யாரும் எடுக்கலாம். பிடித்திருப்பவர் ஒருவர் மட்டும் என்றால் அவர் பந்தைப் பறிக்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்திருக்கும்போது பறித்தால் பெனால்டி.

ஸ்க்ரம் வந்ததும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆறு ஆறு பேர் தோளோடு தோள் சாய்ந்து நிற்பார்கள், பந்தை உள்ளே போட்ட அணியே அநேகமாக எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு பேர் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதால் மற்ற இடமெல்லாம் காலி, பின்வரிசைக்கு ஓட வழி கிடைக்கும் என்பது மட்டுமே அதன் பயன். அதற்கு மேல் அதைக் காப்பாற்றிப் பேச வேண்டியதில்லை.

புள்ளி எடுத்த பிறகு யார் உதைப்பது? இங்கே அமெரிக்க வழக்கம் தலைகீழ். நெடுநாள் விதிப்படி புள்ளியை விட்டுக்கொடுத்த அணிதான் உதைக்கும், பந்து மறுபடி புள்ளி எடுத்த அணியின் கைக்கே வரும். ஒரு அணி அடுத்தடுத்து மூன்று ட்ரை எடுத்துவிடுவது இதனால்தான் சாத்தியம். தொடருக்குத் தொடர் இதுபோன்ற விதிகளைத் திருத்துவது லீக்கில் வாடிக்கை. காட்டப்போகும் ஆட்டத்தில் என்ன விதி என்பதை முந்தின நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் 40 நிமிடப் பாதிகள் இரண்டு. டைம்-அவுட் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. சைரன் ஒலித்தபின் ஆட்டக்காரர் பிடிபட்டாலோ பந்து வெளியே போனாலோ பாதி முடிந்தது. ஃபுட்பாலின் கடைசி டவுனும் இப்படித்தான் என்பதால் இதை விளக்கவே தேவைப்படாது.

"கம்ப்ளீஷன் ரேட்" என்று திரையில் வரும்போது மட்டும் உஷாராக இருங்கள். குவார்ட்டர்பேக் எறிந்ததில் எத்தனை பிடிபட்டது என்றே அவர்கள் நினைப்பார்கள். லீக்கில் அது பந்தை நழுவவிடாமல் முடித்த செட்டுகளின் விகிதம். 80 சதவீதத்தைத் தொட்டால் ஒழுங்கான அணி. "போஸ்ட் கான்டாக்ட் மீட்டர்", அதாவது மோதல் பட்ட பிறகும் எடுத்த தூரம், ஃபுட்பாலின் யார்ட்ஸ் ஆஃப்டர் கான்டாக்ட்டேதான். புள்ளிவிவரப் பிரியர்களுக்கு முதலில் இதைக் காட்டுங்கள். ஒரு ப்ராப் 150 மீட்டர் ஓடினால் நல்ல நாள். எண் 9 ஹூக்கர் நாற்பது டேக்கிள் போட்டுவிட்டு அதே ஆட்டத்தில் நூறு பாஸும் கொடுத்திருப்பார். தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு இன்னொரு கூட்டம் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு, 110 கிலோ ஆள் இரண்டையும் செய்வதுதான் ஆச்சரியம்.

யார் யார் என்று சொல்லித்தருவது

என்.ஆர்.எல்.லில் சட்டை எண் என்பது ஆடும் இடம், இதனால் வேலை பாதியாகிறது. பதின்மூன்று பேரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1, 6, 7, 9 ஆகிய நான்கு எண்களைப் பின்தொடரச் சொன்னால் போதும், தாக்குதல் ஓட்டம் முழுக்க அவர்கள் கையில்தான்.

9 ஹூக்கர். உருட்டிவிட்ட பந்தைக் குனிந்து எடுப்பது பெரும்பாலும் இவர். சென்டர் பந்தைப் பின்னால் தருவதையும் குவார்ட்டர்பேக் அதை யாருக்குத் தருவது என்று முடிவெடுப்பதையும் ஒருவரே செய்வதாக எண்ணிக்கொள்ளலாம். 7 ஹாஃப்பேக்: ஆட்டத்தை நடத்துபவர், உதைப்பவர். 6 ஃபைவ்-எய்த்: அவருக்குத் துணை, மறுபக்கத்தின் பொறுப்பு. 1 ஃபுல்பேக்: தடுக்கும்போது எல்லாருக்கும் பின்னால் நிற்கும் ஃப்ரீ சேஃப்டி, உதையை வாங்கும்போது பன்ட் ரிட்டர்னர், தாக்கும்போது திடீரென்று வரிசையில் நுழையும் கூடுதல் ஆள். மற்றவர்களில் 8, 10 ப்ராப், 11, 12 இரண்டாம் வரிசை, 13 லாக். இவர்கள் ஃபுட்பால் லைன்மேனின் பெரிய உடம்போடு பந்தையும் சுமப்பவர்கள். 2, 5 விங்கர், 3, 4 சென்டர்.

இந்த இடத்தில் ஜோர்டன் மைலாட்டாவின் பெயரைச் சொல்லுங்கள். சிட்னியின் சவுத் சிட்னி ராபிட்டோஸ் இளையோர் அணியில் ஆடியவர். 2018ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஏழாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது, அதற்கு முன் ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை. லெஃப்ட் டேக்கிளாக (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடம்) நிலைத்து, 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்ற அணியில் இருந்தார். இளையோர் லீக்கில் அவர் பந்தோடு ஓடும் காட்சிகள் இணையத்தில் எளிதில் கிடைக்கும். அந்த உடம்பு அந்த வேகத்தில் வருவதைப் பார்த்ததும் "இவரை எப்படிப் பிடிப்பார்கள்?" என்ற கேள்வி எழும். மூன்று பேர் சேர்ந்து ஏன் பிடிக்கிறார்கள் என்பதற்கு அதுவே பதில்.

எந்த ஆட்டம், எந்த நேரம்

நேர வித்தியாசம் உங்கள் பெரிய எதிரி. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் வரை, சிட்னியில் வெள்ளி இரவு 8 மணி என்றால் நியூயார்க்கில் அதே வெள்ளி காலை 6, லாஸ் ஏஞ்சலஸில் விடியற்காலை 3. அந்த நேரத்துக்கு நண்பர்களை அழைத்தால் நட்பே போய்விடும். சனி மாலை 3 மணி ஆட்டம் மேற்குக் கரைக்கு அருமையாகப் பொருந்தும்: அங்கே வெள்ளி இரவு 10. ஞாயிறு மாலை 4 மணி ஆட்டம் அங்கே சனி இரவு 11. கிழக்குக் கரையில் இருப்பவர்கள் இங்கிலாந்தின் சூப்பர் லீக்கைப் பாருங்கள். வெள்ளி இரவு 8 மணி ஆட்டம் நியூயார்க்கில் பிற்பகல் 3. அக்டோபரின் முதல் ஞாயிறன்று நடக்கும் என்.ஆர்.எல். இறுதி ஆட்டம் கிழக்கே விடியற்காலை 4:30க்கும் மேற்கே நள்ளிரவு 1:30க்கும் வரும். அதைப் பதிவு செய்து, முடிவு தெரியாதவர்களைக் கூட்டிக் காலையில் போடுவதே மேல்.

லாஸ் வேகஸ் ஆட்டங்கள் மட்டும் இந்தத் தொல்லை இல்லாதவை. 2024 மார்ச் முதல் என்.ஆர்.எல். தன் சீசனை அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் தொடங்குகிறது. முதல் ஆண்டு இரண்டு ஆட்டங்கள்: மேன்லி சவுத் சிட்னியை 36-24 என்றும், சிட்னி ரூஸ்டர்ஸ் பிரிஸ்பேன் ப்ராங்கோஸை 20-10 என்றும் வென்றன. 2025ல் நான்கு ஆட்டங்கள். விகன், வாரிங்டன் மோதிய சூப்பர் லீக் ஆட்டமும், ஆஸ்திரேலிய, இங்கிலாந்து மகளிர் அணிகள் ஆடியதும் அவற்றில் சேர்ந்தவை. நேரில் போக முடிந்தால், நடுக்கோட்டுப் பக்கக் கீழ் இருக்கைகளைவிட கோல் கம்பத்துக்குப் பின்னால் சற்று உயரத்தில் உட்காருங்கள். தடுப்பு வரிசை விரிவதும் சுருங்குவதும் அங்கிருந்துதான் தெரியும். முதல்முறை பார்ப்பவருக்கு அதுதான் பாடம்.

ஸ்டேட் ஆஃப் ஆரிஜினை முதல் ஆட்டமாகக் காட்டலாமா என்று பலர் கேட்பார்கள். நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து பகை 1980லிருந்து நடக்கிறது. தாங்கள் வளர்ந்த மாநிலத்துக்காக ஆடுவது என்ற கருத்து, கல்லூரி ஃபுட்பால் பகைகளில் ஊறியவர்களுக்கு உடனே ஒட்டும். ஆனால் அது பெரும்பாலும் தடுப்பு ஆட்டம். ட்ரை குறைவு, பெனால்டிக்குத் தயக்கம், எண்பது நிமிடம் முட்டல். முதலில் வழக்கமான என்.ஆர்.எல். ஆட்டம் ஒன்று, ஆரிஜின் மூன்றாவதோ நான்காவதோ என்பதே எங்கள் பரிந்துரை.

ஒளிபரப்பு உரிமை அடிக்கடி கைமாறும். ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் சேனல்களில் குறிப்பிட்ட ஆட்டங்களும், வாட்ச் என்.ஆர்.எல். சந்தாவில் முழுத் தொடரும் வந்திருக்கின்றன. சீசன் தொடங்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாகப் பார்க்கும்போது விளக்குபவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். இரண்டு பேர் விளக்கினால் ஒருவரையொருவர் திருத்த ஆரம்பிப்பார்கள். முதல் இருபது நிமிடம் மட்டும் பேசுங்கள், பிறகு கேட்டால் மட்டும். இடைவேளையோடு சேர்த்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும் என்.எஃப்.எல். ஆட்டத்துக்குப் பழகியவருக்கு இது கவர்ச்சியான செய்தி.

மைதானத்தில் இறக்கிக் காட்டுவது

பார்த்தவரைவிட ஆடிப் பார்த்தவர் சீக்கிரம் ரசிகராவார். முதல் முறை உடல் மோதல் வேண்டவே வேண்டாம். தொட்டால் டேக்கிள் என்று வைத்து ஆடும் டச் ஆட்டம், சிட்னியில் 1960களில் லீக் பயிற்சியிலிருந்து பிறந்தது. அதில் ஆறு பேருக்கு ஆறு பேர், ஆறு தொடுதல், 70க்கு 50 மீட்டர் களம்.

ஃபுட்பால் மைதானம் இதற்கென்றே கோடு போட்டுவைத்த மாதிரி இருக்கும். அதன் அகலம் 53⅓ யார்டு, அதாவது 48.8 மீட்டர். பக்கக் கோடுகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நீளத்துக்கு ஒரு கோல் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கத்து 25 யார்டு கோடு வரை எடுத்தால் 75 யார்டு, 68.6 மீட்டர். எதிர்முனையில் மட்டும் நான்கு கூம்பு வைத்தால் களம் தயார். 5 யார்டுக்கு ஒரு கோடு ஏற்கனவே இருப்பதால், தொட்டதும் தடுப்பாளர்கள் ஒரு கோடு பின்வாங்க வேண்டும் என்று சொன்னால் நடுவருக்கு வேலை சுலபம். முழு லீக் தூரத்தைப் பழக்க விரும்பினால் இரண்டு கோடு: 10 யார்டு, அதாவது 9.1 மீட்டர்.

பதின்மூன்று பேர் ஆட்டத்தை மட்டும் இந்த மைதானத்தில் நடத்தாதீர்கள். லீக் களம் 68 மீட்டர் அகலம், இங்கே கிட்டத்தட்ட 20 மீட்டர் குறைகிறது. ஓரத்தில் இடமே இருக்காது, ஆட்டம் நடுவில் முட்டிக்கொண்டு கிடக்கும். அதற்குப் பெரிய சாக்கர் மைதானத்தை வாடகைக்கு எடுங்கள், அதன் முழு அளவு அகலமும் 68 மீட்டரே. கோல் கம்பம் பற்றிக் கவலை வேண்டாம். லீக் கம்பம் 5.5 மீட்டர் அகலம், குறுக்குக் கட்டை 3 மீட்டர் உயரம். என்.எஃப்.எல். கம்பம் 5.64, 3.05. உதைத்துப் பழக இது தாராளம். லீக்கில் கம்பம் ட்ரை கோட்டின் மீதே நிற்கும், ஃபுட்பாலில் எண்ட் ஸோனுக்குப் பின்னால் இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பந்து கட்டாயம் லீக் பந்தாக இருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்குங்கள். ஃபுட்பாலின் கூர்முனையையும் தையலையும் கை உணர்ந்தால், பழக்கத்தில் தோளுக்கு மேல் தூக்கி எறிந்துவிடுவார்கள். லீக் பந்தின் முனை மழுங்கியது, இரண்டு கையால்தான் பிடிக்கத் தோன்றும்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 15 நிமிடம் பாஸ்: நான்கு பேர் படிக்கட்டு மாதிரி ஒருவருக்குப் பின் ஒருவர் தள்ளி நின்று, நடந்துகொண்டே இடமிருந்து வலம், பிறகு ஓடிக்கொண்டு. இங்கே எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பந்து வாங்க வேண்டியவர், பாஸ் கொடுப்பவரைத் தாண்டி முன்னே ஓடிவிடுவார். முன்னே ஓடிப் பந்தை வாங்கும் ஃபுட்பால் ரிசீவரின் புத்தி அது. "பந்துக்குப் பின்னால் இரு, அது புறப்பட்டதும் ஓடு" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டிவரும். அடுத்த 10 நிமிடம் ப்ளே-த-பால்: தொடப்பட்டவர் அந்த இடத்திலேயே நின்று, எதிரணிக் கோட்டைப் பார்த்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டட்டும். வேகம் மிஞ்சி மூன்று மீட்டர் தாண்டி உருட்டினால் திரும்பக் கூப்பிடுங்கள். அடுத்த 10 நிமிடம் தடுப்பு வரிசை: ஆறு பேரும் ஒரே கோடாக முன்னேறி, தொட்டதும் ஒரே கோடாகப் பின்வாங்கப் பழகட்டும். ஒருவர் மட்டும் ஆர்வத்தில் பாய்ந்தால் அவர் விட்ட ஓட்டை வழியாகத்தான் ட்ரை போகும். இது ஆட்டத்தில் தானாகவே நிரூபணமாகும், நீங்கள் வாதாட வேண்டாம். மீதி 25 நிமிடம் ஆட்டம். முதல் பத்து நிமிடம் உதைக்கத் தடை, ஆறாவது தொடுதலில் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஐந்தாவது தொடுதலுக்குப் பின் உதைக்கலாம் என்று திறந்துவிடுங்கள். அந்த நொடியில் ஆட்டம் மாறுவதை அவர்களே உணர்வார்கள்.

மோதலோடு ஆட ஆசைப்படும் கூட்டம் அமைந்தால் அதற்குத் தனி நாள், தகுதி பெற்ற பயிற்சியாளர், காப்பீடு. ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டு வளர்ந்தவர்களிடம் இரண்டு ஆபத்தான பழக்கங்கள் இருக்கும். தலையைத் தாழ்த்திக்கொண்டு போவது ஒன்று, கையை விரிக்காமல் தோளால் மட்டும் இடிப்பது இன்னொன்று. முதலாவது அவர்கள் கழுத்துக்கே ஆபத்து. இரண்டாவது ஷோல்டர் சார்ஜ், அது தடை செய்யப்பட்டது. கற்றுத்தர வேண்டிய முறை: கண் மேலே பார்க்க, தலை எதிராளியின் உடலுக்குப் பக்கவாட்டில், கன்னம் அவர் இடுப்போடு ஒட்டி, தோள் படும் அதே நேரத்தில் இரண்டு கையும் சுற்றிப் பிடிக்க. முதலில் மண்டியிட்ட நிலையில், பிறகு நடந்து, கடைசியாக மெல்ல ஓடி.

மறுநாள் என்ன

அமெரிக்காவில் லீக்கை இறக்கிப் பார்ப்பது வேகஸில் தொடங்கியதல்ல. 1953ல் ஒரு அமெரிக்க அணி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணம் போனது. 1954ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கலிஃபோர்னியாவில் கண்காட்சி ஆட்டம் ஆடின. 1987ல் லாங் பீச்சில் ஆரிஜின் அணிகள் மோதின. 2018ல் டென்வரில் இங்கிலாந்து நியூசிலாந்தை 36-18 என்று வென்றது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தருவதாக இருந்த 2025 உலகக் கோப்பை 2018 இறுதியில் கைவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும் பார்த்தவர்கள் ரசித்தார்கள். அடுத்த ஆட்டம் எங்கே, எப்போது, எதில் என்று கேட்டபோது கையில் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே அன்றே கொடுத்தனுப்புங்கள். ஒரு சின்னத் தாள் போதும்: அடுத்த மூன்று வார ஆட்டங்கள் அவர்கள் ஊர் நேரத்தில், எந்தச் சேனல் அல்லது சந்தா, அருகில் ஆடும் லீக் கிளப், உங்கள் அடுத்த டச் ஆட்டத்தின் தேதி. ஒரு அணியைத் தேர்ந்தெடுக்கவும் உதவுங்கள். ஆட்டம் பிடித்தாலும் சொந்தம் என்று ஒரு அணி இல்லாதவர் நாலாம் வாரம் காணாமல் போவார். அணியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவாகவும் இருக்கலாம்: சட்டை நிறம், ரசல் க்ரோ பங்குதாரராக உள்ள சவுத் சிட்னி, மைலாட்டா ஆடிய அதே சவுத் சிட்னி, வேகஸில் பார்த்த அணி. அர்த்தமுள்ள காரணமாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், அவர்கள் ஊர் ஃபுட்பால் அணியையும் அவர்கள் அப்படித்தான் பிடித்திருப்பார்கள்.